அடைக்கவும் என்று நான் எழுதிய இடம்

சிரிக்கிறதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும், ஏற்கெனவே கோபத்தில்தான் இருக்கிறேன். பேய், ஆவி, காத்து, கருப்பு எதுவும் என் வாழ்க்கையில் ஒருநாளும் கிடையாது. நான் சூட்டை அளந்து பிழைக்கிறவன். கையில் பிடிக்கிற தெர்மல் கேமரா ஒன்று வைத்திருக்கிறேன். கொரோனா சமயத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேராக ஒரு துப்பாக்கியை நீட்டினார்களே, அதற்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே இருக்கிற எல்லாவற்றையும் அது சூட்டாலேயே படம் வரைந்து காட்டும், சூடு மஞ்சளாக, குளிர் நீலமாக. மோட்டாருக்கு வருகிற காய்ச்சல், கம்பிக்கு வருகிற காய்ச்சல், எரிந்துபோவதற்கு ஒரு மாசம் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். சிமெண்ட் தரையில் படுத்திருந்த நாய் எழுந்துபோன பிறகும் அந்த இடத்தில் நாயின் வடிவத்தில் ஒரு வெதுவெதுப்பு கொஞ்ச நேரம் படுத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது, என் கேமராவுக்குத் தெரியும், பிறகு அதுவும் எழுந்து போய்விடும். இவ்வளவுதான் நான் பார்த்த ஆவி. போன மே மாசம் வரைக்கும்.

நான் இருப்பது ஊரப்பாக்கம். அன்றைக்குக் காலையில் பைக்கை எடுத்துச் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக ஈ.சி.ஆரைப் பிடித்து, பாலாற்றுப் பாலம் தாண்டி, கடப்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் கடல் பக்கமாக இறங்கினேன். அக்கினி நட்சத்திரம். ரோடு கொதித்தது, ஹெல்மெட்டுக்குள் மூளை வெந்தது. அங்கே ஓர் இறால் கம்பெனி இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், அந்தப் பெயரை வாயில் வைக்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அங்கே மைனஸ் பதினெட்டில் ஒரு குளிர் அறை, வேலை செய்கிற பெண்கள் ஐஸ் ரூம்பு என்பார்கள். அந்த அறையில் வெளிச்சூடு எங்கே கசிந்து உள்ளே வருகிறது என்று பார்த்து எழுதித் தருவது என் வேலை. முந்தின வருஷமும் நான்தான் பார்த்தேன்.

போனதும் எலக்ட்ரீஷியன் பாபு டீ வாங்கிக் கொடுத்தான். நாற்பது வயசிருக்கும், வாய் ஓயாதவன். "அண்ணாத்த, அத்த என் வவுத்துக்கு நேரா புடி, காத்தால துன்ன நாஸ்தா இன்னும் கீதா, இல்ல இறங்கிட்சான்னு பாப்போம்" என்றான். பிடித்துக் காட்டினேன். டீ இறங்கின இடம் லேசாக மஞ்சளாகத் தெரிகிறது என்று நான் புளுகியதை நம்பி, சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அப்புறம் கிளாசை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டான்.

"உனுக்கு அஞ்சல மேட்டரு தெரியாதா?"

தெரியாது என்றேன். தை மாசம் ஒரு சனிக்கிழமை, மதியத்தோடு வேலை முடிகிற நாள். அஞ்சலை என்கிற பெண் கடைசிப் பெட்டிகளை அடுக்க ஐஸ் ரூமுக்குள் போயிருக்கிறாள். கதவு திறந்து கிடக்கக்கூடாது என்பது அங்கே சட்டம், யாரோ போகிற போக்கில் சாத்திவிட்டார்கள். உள்ளே ஆள் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க அங்கே யாருக்கு நேரம்? செய்யூரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்ததால் அவர்களும் தேடவில்லை. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தாளாம். நெஞ்சுவலி என்று மேனேஜர் எல்லாரிடமும் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து பெண்கள் ஒருத்தியும் கதவை மூடவிடுவதில்லை, நடுவில் ஒரு பெட்டியை முட்டுக்கொடுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். குளிர் வீணாகிறது என்று தினமும் சண்டை.

இந்தச் சண்டைக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது மேனேஜர் அறைக்குப் போனதும் தெரிந்தது. ஏ.சி. பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. "சார், கதவு திறந்திருந்தா எவ்வளவு லாஸ் ஆகுதுன்னு படம் எடுங்க. கதவு கண்டிஷன் நல்லாருக்குன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அதைக் காட்டி, நாளையிலேர்ந்து கதவை மூடிட்டுத்தான் வேலை, முடியாதவங்க வீட்டுக்குப் போலாம்னு சொல்லிடுவேன்." பக்கத்தில் தேசம்மா நின்றுகொண்டிருந்தாள், பெட்டி கட்டுகிற பெண்களுக்கு அவள்தான் தலைவி மாதிரி. அவள் அவனைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நானும் உள்ள வரேன் சார். நீ இன்னா பாக்கறியோ அத்த நானும் பாக்கணும்."

கதவை மூடினால்தான் கசிவு தெரியும். அதனால் எங்கள் தொழிலில் வழக்கம், வெளியே ஓர் ஆளை நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கதவை மூடச் சொல்வோம். அந்தக் குளிரில் கேமராவின் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும் என்பதால் பத்து நிமிஷக் கணக்கு. "பத்து நிமிசம் ஆனதும் தொறந்துடு, நடுவுல தட்டினாலும் தொறந்துடு" என்று பாபுவிடம் சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு தேசம்மாவோடு உள்ளே போனேன். வெளியே நாற்பது டிகிரி வெயில். ஒரு கதவுதான், அதற்கு இந்தப் பக்கம் மூக்குமயிர் உறைகிறது. கதவு மூடியதும் ஒரு சத்தம் வந்தது, புட்டி மூடி அழுந்துகிற மாதிரி. அதற்குப் பிறகு குளிர்க்காற்று சுற்றுகிற இரைச்சல் மட்டும்.

மூலைகளைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்கான நீலம். கதவுப் பக்கம் திரும்பினேன். கதவின் ஓரத்தில் இடுப்பு உயரத்துக்குப் புதிதாக ஒரு எவர்சில்வர் தகடு அடித்திருந்தது. "இங்க உள்ளேர்ந்து தள்ற கம்பி இருந்துச்சே?" என்றேன். உள்ளே மாட்டிக்கொண்டவர் தள்ளினால் கதவு திறக்கிற கம்பி அது, எல்லாக் குளிர் அறையிலும் இருக்கும். "அந்தக் கம்பியத்தான் போன வருசமே புடுங்கிட்டு அடச்சிட்டாங்கோ" என்றாள். எனக்குச் சுரீர் என்றது, ஆனாலும் பழக்கத்தில் கை தானாகக் கேமராவை உயர்த்திவிட்டது.

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். அந்தத் தகட்டின் மேல் ஒரு கை இருந்தது. ஐந்து விரல், உள்ளங்கை, மஞ்சளாக. முப்பத்தாறு புள்ளி நாலு என்று எண் காட்டியது. உயிரோடு இருக்கிற உடம்பின் சூடு.

முதலில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா, என்னைத்தான். பளபளப்பான தகடு கண்ணாடி மாதிரி, எதிரே நிற்கிறவன் சூட்டையே திருப்பிக் காட்டும். புதுசாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒருதடவையாவது தங்கள் வயிற்றையே படம் எடுத்து 'அபாயம்' என்று எழுதிக் கொடுத்து அவமானப்படுவார்கள். அதற்குச் சோதனை சுலபம், நகர்ந்து பார்க்க வேண்டும், பிம்பமும் கூட நகரும். நகர்ந்தேன். மங்கலாக என் உருவம் தகட்டில் நகர்ந்தது. கை நகரவில்லை. தேசம்மாவை எனக்குப் பின்னால் வரச் சொன்னேன். அப்போதும் நகரவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு அதற்குப் பக்கத்தில் என் கையைப் பதித்தேன், குளிர் தேள் மாதிரி கொட்டியது. எடுத்துவிட்டுப் பார்த்தேன். என் கையின் தடம் மஞ்சளாகி, சிவந்து, ஊதாவாகி, ஏழெட்டு எண்ணுவதற்குள் காணாமல் போய்விட்டது. அந்தக் கை அப்படியே இருந்தது. அந்த இடத்தையே விரலால் தொட்டேன். வெறும் பனிக்கட்டிக் குளிர். கேமராவில் மட்டும் முப்பத்தாறு.

பட்டனை அழுத்திப் படத்தைப் பதிவு செய்தேன். என் தோளுக்கு மேலாக தேசம்மா திரையைப் பார்த்தாள். சுண்டுவிரலைக் காட்டினாள், அது பாதிதான் இருந்தது. "ஐஸ் ஒடைக்கற மிசினுல போன வெரலு சார் அது. அஞ்சலக்கா கையி." அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை, கதவை உதைத்தாள். கெட்ட வார்த்தையில் மேனேஜரின் மூன்று தலைமுறையையும் திட்டிக்கொண்டே உதைத்தாள். நானும் சேர்ந்து தட்டினேன், முஷ்டியால், டார்ச்சால், காலால். பாபு, பாபு என்று தொண்டை கிழியக் கத்தினேன். கேமரா செத்துப்போனது. கதவு திறக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். திறந்தபோது பாபு கைப்பிடியைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றிருந்தான். "கரெக்டா பத்து நிமிசம் அண்ணாத்த" என்றான். தட்டினோமே, காதில் விழவில்லையா என்று அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் முழித்தான். "ஒரு சத்தமும் வரலியே. நான் இங்கயே தான நின்னுகினு இருந்தேன்." கதவுக்குள் அரை அடிக் கனத்துக்கு, சூடும் சத்தமும் தாண்டாத நுரை. எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் அவ்வளவு தூரம்தான். சனிக்கிழமை மதியத்திலிருந்து உயிர் இருந்த வரைக்கும் ஒருத்தி தட்டியிருக்கிறாள், கம்பி இருந்த இடத்தை உள்ளங்கையால் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறாள்.

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். கம்பியைப் பிடுங்கி எறிந்த நாய் எவன் என்று கேட்டேன். அவன் கோபப்படவே இல்லை, அதுதான் கொடுமை. அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துத் திருப்பி என் முன்னால் வைத்தான். முந்தின வருஷத்து ரிப்போர்ட். என் படம். நீலக் கதவில் கம்பி நுழைகிற ஓட்டை மட்டும் ஆரஞ்சாக ஒரு பொட்டு, அதற்கு நான் போட்ட அம்புக்குறி, பக்கத்தில் என் எழுத்து: 'கசிவு. அடைக்கவும்.' கீழே என் கையெழுத்து.

"நீங்க சொன்னதைத்தான் சார் செஞ்சோம்."

அந்த ஓட்டையைச் சுற்றி ரப்பர் போடச் சொல்லி நான் எழுதியிருக்க வேண்டும். உள்ளே நின்று குளிரில் நடுங்கியபடி, எது கம்பி எதற்குக் கம்பி என்று பார்க்காமல், பொட்டு தெரிந்த இடத்திலெல்லாம் ஒரே வார்த்தையை எழுதிவிட்டு மாமல்லபுரத்தில் மீன் சாப்பாட்டுக்குப் பறந்தவன் நான். எனக்குச் சூடு தெரிந்தது, கதவு தெரியவில்லை. அவன் மேல் வந்த கோபம் பாதி வழியில் திரும்பி என் மேலேயே பாய்ந்தது, இன்னும் இறங்கவில்லை.

கதவைப் பற்றி ஒரு வரியும் எழுத மாட்டேன், தகடு இப்போதே வெளியே வரவேண்டும், இல்லையென்றால் இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருவேன் என்று கத்தினேன். புரொடக்‌ஷன் நிற்கும் என்றான். "நிக்கட்டும்யா" என்றாள் வாசலில் நின்ற தேசம்மா. அவளுக்குப் பின்னால் இறால் உரிக்கிற பெண்கள் அத்தனை பேரும் ஈரக் கையோடு வந்து நின்றிருந்தார்கள். பாபு யாரையும் கேட்கவில்லை, கிரைண்டரை எடுத்து வந்தான். "நாந்தான் அடச்சேன், நானே புடுங்கறேன்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே அறுத்தான், பொறி பறந்தது. தகடு கீழே விழுந்ததும் சார்ஜ் ஏற்றின கேமராவை நீட்டிப் பார்த்தேன். அறுத்த விளிம்பு வெள்ளையாகக் கொதித்தது. நடுவில் ஒன்றும் இல்லை. இரண்டு நாளில் புதுக் கம்பி போட்டார்கள், தேசம்மா உள்ளே போய்க் கதவை மூடச் சொல்லி, தள்ளித் திறந்து வெளியே வந்து பார்த்த பிறகுதான் மற்றவர்கள் வேலைக்குப் போனார்கள்.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன், குளிரில் கேமரா உளறியது என்று நானே என்னைச் சமாதானப்படுத்தியிருப்பேன்.

தெர்மல் படம் ஒன்றைப் பதிவு செய்தால், அதில் ஒவ்வொரு புள்ளியின் சூடும் எண்ணாக உள்ளே உறைந்துவிடும். பத்து வருஷம் கழித்துக் கம்ப்யூட்டரில் திறந்து எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அன்றைய எண்ணைத்தான் சொல்லும். மாறாது, மாற வழியே கிடையாது. அந்தப் படத்தை மறுநாள் திறந்தேன். சுவர் மைனஸ் பதினெட்டு, அன்றைக்கு இருந்த அதே எண். கை, முப்பத்தாறு புள்ளி ஒன்று. தப்பாகப் படித்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் திறந்தேன், முப்பத்தைந்து புள்ளி மூன்று. கேமராவைச் சோதனைக்கு அனுப்பினேன், ஒரு குறையும் இல்லை என்று திரும்பி வந்தது. இதே தொழிலில் இருக்கிற நண்பனிடம் காட்டினேன். சாஃப்ட்வேர் கோளாறாக இருக்கும் என்றான், கையின் எண் மட்டும் ஏன் மாறுகிறது என்று கேட்டதற்கு, எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

கடைசியாகத் திறந்தது கார்த்திகையில், மழை நாள். இருபத்தெட்டு புள்ளி ஏழு. விரல் நுனிகள் ஊதாவாகத் தொடங்கியிருந்தன, சுண்டுவிரல் முதலில். அன்றிலிருந்து திறக்கவில்லை. நான் பார்க்கும்போது மட்டும்தான் குறைகிறதா, மூடிய ஃபைலுக்குள் யாரும் பார்க்காமலேயே குறைந்துகொண்டிருக்கிறதா, தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி திறந்து பார்ப்பதுதான். லேப்டாப் அதோ மேஜைமேல் இருக்கிறது. நீங்கள் வேண்டுமானால் திறங்கள். நான் வெளியே நிற்கிறேன்.