கத்தரினாவும் சாம்பல் நிறத் தூளும்

கடதாசித் துண்டின் நுனியைப் பாத்திரத்தில் தோய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முகர்கிறார் கத்தரினா. "கறுவாப்பட்டை வாசம் இன்னும் கிடக்கு. பூ வாசம் வரயில்ல." துண்டைக் கொண்டையில் செருகிவிட்டு அடுத்ததை எடுக்கிறார். முந்தல் ஊருக்குப் பக்கத்தில், தென்னந்தோட்டத்துக்குள் இருக்கும் வாசனைப் பட்டறையில் நாள் முழுக்க இதுதான் அவருக்கு வேலை. மாலையில் கொண்டைத் துண்டுகளோடு அப்படியே கற்பிட்டி பஸ்ஸில் ஏறினால், எந்தக் கலியாண வீட்டிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்கிறார்களாம்.

கறுவா எண்ணெயில் இருப்பது ஓர் அல்டிகைட்டு. ஐதரைட்டுத் தூள் போட்டு அதை அற்ககோலாகத் தாழ்த்தினால் காரம் போய் மெல்லிய பூ வாசம் வரும். கத்தரினா பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தவர்தான். விளக்கம் கேட்டாலோ அக்கம்பக்கத்துக் கதை போலச் சொல்வார்.

"இதுக்கு நுனியில ஒரு இடம், அதோட ஒட்டினாப்போல ஒரு ரெட்டைப் பிணைப்பு. நாங்க போடுற போரோஐதரைட்டுத் தூள் நல்ல பிள்ள. நுனிய மட்டும் தொட்டுட்டு மற்றத விட்டுரும். இதுட தம்பி ஒருத்தன் இருக்கிறான், லித்தியம் அலுமினியம் ஐதரைட்டு. கொஞ்சம் கூடிப்போனா ரெண்டையும் தின்னுருவான். தண்ணியக் கண்டாலும் ஆகாது, மெதனோலக் கண்டாலும் ஆகாது. நெருப்புத்தான்."

நான் பட்டறையைப் பார்க்கப் போனது டொலர் இல்லாமல் நாடே தவித்த வருடம், தலவில தேவாலயத் திருவிழாவுக்கு முந்திய கிழமை. அண்ணன் போரோஐதரைட்டு எங்கும் கிடைக்கவில்லை. கொழும்பு வியாபாரி தம்பியை டின்னில் அடைத்து அனுப்பியிருந்தான். சாம்பல் நிறத் தூள். பட்டறை முதலாளி நெய்னார், தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்து எழும்பியவர். முடியாது என்ற சொல் அவர் காதில் ஏறாது. திருவிழா மெழுகுதிரிக்கு வாசனை தருவதாக வேறு வாக்குக் கொடுத்துவிட்டார்.

"ரெண்டும் ஐதரைட்டுத்தானே புள்ள? இது பலம் கூடினதாம்."

"அந்தப் பலந்தான் மொதலாளி வேணாம் எண்டுறன். பாத்திரத்துல நிக்கிறது மெதனோல். பட்டறையே போயிரும்."

"விக்கிறவன் அப்புடியொண்டும் சொல்லல்லயே."

பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்துத் தேநீரைக் கையில் எடுத்தேன். நிமிர்ந்தபோது நெய்னார் பாத்திரத்தருகே நின்றார், கையில் குவித்து அள்ளிய கரண்டி. கத்தரினா நேராகப் போனார்; பாத்திரத்தின் வாயை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்தினார்.

"போடுங்க மொதலாளி. முதல்ல என்ட கையில விழட்டும்."

நெய்னார் கத்தரினாவின் கைகளைப் பார்த்தார். பிறகு தூளை டின்னில் திருப்பிக் கொட்டி இறுக்கி மூடினார். "படிச்ச புள்ளயளோட கதைச்சு வெல்ல ஏலா" என்று முணுமுணுத்தபடி, கரண்டியைக் கழுவ வெளியே பைப்படிக்குப் போனார். நானும் அவரைச் சமாதானப்படுத்தலாம் என்று தேநீரோடு பின்னால் போனேன்.

கரண்டியில் ஒட்டியிருந்தது ஒரு சிட்டிகைகூட இராது. தண்ணீர் பட்டதும் படாரென்று வெடித்துத் தீ அவருடைய முழங்கை வரை எழுந்தது. கரண்டி எங்கோ போய் விழுந்தது. என் சட்டையெல்லாம் தேநீர். நெய்னார் கருகிய சட்டைக் கையைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார். "யா அல்லாஹ், இம்புட்டுக்கா இது?" என்றார், யாரிடமோ கேட்பதுபோல. அந்தக் குவியல் உள்ளே மெதனோலில் விழுந்திருந்தால் பட்டறையே மிஞ்சியிராது.

இருவரும் உள்ளே ஓடினோம். வெடிச் சத்தம் கேட்டும் கத்தரினா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. தீப்பொறி வந்து மெதனோலில் பற்றிவிடுமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சிட்டுப் புள்ள, கைய எடுங்க" என்றார் நெய்னார்.

அவருடைய சட்டைக் கையில் இன்னும் கனன்ற ஓரத்தைப் பார்த்த கத்தரினா எடுக்கவில்லை. பாத்திரத்தின் வாயில் இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டார்.