வார மாட்டுச் சாணம்

குழாயைத் திறந்து தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனதும் "டப்" என்று ஒரு சத்தம் வரும், அதன் பின்னால் புகையோ சாண வாடையோ எதுவும் இல்லாமல் தீ நீலமாக, வட்டமாக உட்கார்ந்து எரியும். எங்கள் வீட்டில் அது முதன்முதலாக எரிந்த நாளில் அம்மா உலை வைக்கவே மறந்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வராமலும் ஓர் அடுப்பைப் பார்க்க முடிகிறதே என்று அதன் முன்னால் அப்படியே குந்திக்கொண்டிருந்தாள்.

அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே, ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் ஊரும் இந்தப் பக்கம் நாங்கள் இருந்த காலனியுமாகக் கிடந்த இடம் அது. அம்மாவுக்கு "இழுப்பு" உண்டு. வேலிகாத்தான் முள்ளை வெட்டிச் சுமந்து வந்து, கையெல்லாம் கீறலோடு அடுப்பை ஊதுகிறவளின் நெஞ்சு விசில் அடிக்காமல் வேறென்ன செய்யும்? செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், புகைப் பக்கமே போகக்கூடாது, போனால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பினார். போகாமல் சோறு எப்படி வேகும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஓர் அதிகாரி வந்து, ஏரிக்கரை ஓரத்தில் ஊருக்கும் காலனிக்கும் பொதுவாகச் சாண எரிவாயுக் கலன் ஒன்று கட்டவைத்தார். காலையில் இரண்டு பக்கத்துப் பெண்களும் கூடையில் சாணம் கொண்டுவந்து தொட்டியில் கொட்டுவார்கள். அப்பா அதில் தண்ணீர் ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்துக் குழிக்குள் விடுவார். குழியின் மேல் கவிழ்த்த பெரிய இரும்பு டிரம், "காஸு" சேரச் சேர மெல்ல மேலே எழும்பும். அது எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்க்க நாங்கள் பல்கூட விளக்காமல் ஓடுவோம். குழாய் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் போனது, வெளியே வந்த சாணக் கரைசல் வயலுக்கு உரமாகப் போனது. வீணாகக் கிடந்ததில் இவ்வளவு இருக்கிறதா என்று ஊரே வாயைப் பிளந்தது. அம்மாவின் நெஞ்சுச் சத்தம் அடங்கி, அவள் படுத்துத் தூங்குவதை நான் அந்த வருஷம்தான் பார்த்தேன். அதுவரை அவள் சுவரில் சாய்ந்துதான் தூங்குவாள்.

இங்கே "வார மாடு" என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். மாடு ஊர்க்காரருடையது, வளர்ப்பது நாங்கள், ஈனும் கன்றில் எங்களுக்குப் பங்கு. டிராக்டர் வந்த பிறகு ஊரில் மாடு கட்டிப் பராமரிக்க ஆளில்லாமல் போய், பாதிக்கு மேல் மாடுகள் எங்கள் "கொட்டாய்"களில்தான் நின்றன. எங்கள் கொட்டாயில் நின்ற செவலைப் பசு, மேட்டு வீட்டம்மா என்று எல்லோரும் சொல்லும் பெரிய வீட்டுக்காரியுடையது. அந்த வீட்டில்தான் அம்மா வாசல் வேலை செய்தாள்.

ஆடி மாதம் மேட்டு வீட்டம்மா தன் வீட்டுக் காஸு அடுப்பில் அம்மனுக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த யாரோ, "இதுல அவங்க சாணியும்தான கலந்து எரியுது" என்று சும்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான். பொங்கல் பானையோடு குப்பைக்குப் போனது. மறுநாள் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் கூட்டம் கூடி, காலனிச் சாணத்தைத் தொட்டியில் கொட்டக்கூடாது என்று பேசினார்கள். அதிகாரி முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார், மற்ற யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார். காலனி மாடுகள் இல்லாவிட்டால் டிரம் எழும்பாது, ஊர் அடுப்பும் எரியாது என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். யார் காதில் ஏறியது?

ஓரமாக நின்றிருந்த அம்மா அன்றைக்குத்தான் பொது இடத்தில் வாய் திறந்தாள். அடுப்பு போனால் தன் மூச்சும் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏம்மா, அது உங்க மாடுதான? தெனம் உங்க வாசல்ல நான் தெளிக்கிறது எந்தச் சாணிம்மா? எங்க கொட்டாயிலேர்ந்து எடுத்துகினு வர்றதுதான?"

இனி அவர்களுக்குப் பேச என்ன இருக்கிறது, அம்மா ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன். மேட்டு வீட்டம்மா கோபப்படக்கூட இல்லை. குழந்தைக்குச் சொல்வதைப் போலப் பொறுமையாகச் சொன்னாள்:

"வாசல் வெளியில கீது ராணி. அடுப்பு உள்ள கீதே."

கூட்டம் ஆமாம் என்று தலையாட்டியது. அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் திக்கென்கிறது. கத்தியிருந்தால், அடித்திருந்தால்கூடப் புரிந்திருக்கும். இது அவர்களுக்கு இரண்டும் இரண்டும் நாலு என்பதைப் போல இருந்தது.

மறுநாள் விடிந்ததும் மேட்டு வீட்டு மகன் கயிற்றோடு வந்து, அப்பா எதிரிலேயே செவலையை அவிழ்த்துக்கொண்டு போனான். ஈனப்போகும் கன்றில் எங்களுக்குப் பங்கு என்ற பேச்சை அவன் எடுக்கவில்லை, அப்பாவும் எடுக்கவில்லை. ஏரியில் இறக்கித் தேய்த்துக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் அதை ஊருக்குள் ஓட்டினார்கள். அது திரும்பித் திரும்பி எங்கள் பக்கமே பார்த்துக் கத்தியது. அந்த வாரத்துக்குள் எல்லாக் கொட்டாயும் காலி. கொண்டுபோன மாடுகளை வளர்க்க ஊரிலும் ஆளில்லை, ஒவ்வொன்றாக மாட்டுத் தரகர் கைக்குப் போயின. டிரம் நாளுக்கு நாள் இறங்கிக் குழியோடு உட்கார்ந்துவிட்டது. ஊரில் இருந்தவர்கள் சிலிண்டர் வாங்கிக்கொண்டார்கள். அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு வேலிகாத்தானுக்குப் போனாள், மறுபடியும் சுவரில் சாய்ந்து தூங்கினாள்.

இன்றைக்கு அந்த ஏரிக்கரையில் மனை போட்டு மஞ்சள் கல் நட்டிருக்கிறார்கள். டிரம் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது, ஊரிலும் காலனியிலும் தேடினாலும் ஒரு மாடு கண்ணில் படாது. அம்மா என்னோடு செங்கல்பட்டில் அடுக்கு மாடி வீட்டில், தலையணைக்கு அடியில் இழுப்புக்கு உறிஞ்சும் "பம்ப்" வைத்துக்கொண்டு வாழ்கிறாள். போன மாதம் குடியிருப்போர் கூட்டத்தில், எல்லா வீட்டுச் சமையல் கழிவையும் ஒரே தொட்டியில் போட்டு எரிவாயு எடுத்து, மாடிப்படி விளக்கெல்லாம் எரிக்கலாம் என்று ஒரு திட்டம் சொன்னார்கள். நான் முதல் ஆளாகக் கை தூக்கினேன். அப்போது படித்த, அமைதியான ஒருவர் எழுந்து, கறி மீன் சாப்பிடுகிறவர்கள் வீட்டுக் கழிவுக்குத் தனித் தொட்டி உண்டா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். நல்ல கேள்வி என்று நாலைந்து தலைகள் ஆடின. தூக்கிய கையை எப்போது இறக்கினேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அதிரவே இல்லை.

"இங்க அவுத்துக்கினு போறதுக்கு மாடு இல்லியே, இன்னா பண்ணுவாங்க பாவம்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே இழுப்பாக மாறியது, நான் பம்பை எடுத்து அவள் வாயில் வைத்தேன்.