ரிமோட்டில் ஒரு சூரியன்

சவுதியின் அல் கோபாரில் குளிர் அடிக்கும் என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நான் இராமநாதபுரம் பக்கத்து ஆள். வெயிலைப் பற்றி எனக்குச் சொல்லித்தர அரபு நாட்டுக்கு என்ன இருக்கிறது என்ற மிதப்போடுதான் ஏசி மெக்கானிக் விசாவில் போய் இறங்கினேன். இறங்கியது ஏப்ரல் மாதம். அங்கே வீட்டு ஏசிகளின் ரிமோட்டில் குளிருக்கான பனிப்பூ படத்துக்குப் பக்கத்தில் ஒரு சூரியன் படமும் இருந்தது. அதை வைத்தால் அதே ஏசி வெந்நீர் ஆவி மாதிரி சூடான காற்றை ஊதும். இந்த ஊரில் எவன் அதை வைப்பான் என்று நினைத்தேன்.

வைத்தார்கள், தவறுதலாக. ஆகஸ்டில் ‘கூலிங் இல்லை’ என்று கம்ப்ளெயின்ட் வரும். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிப் போனால் ரிமோட்டில் சூரியன் நிற்கும். பனிப்பூவுக்கு மாற்றிவிட்டு, சீட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘ரிமோட் ராங் செட்டிங்’ என்று எழுதினால் வேலை முடிந்தது. எங்கள் கம்பெனிக்கு மிகவும் பிடித்த காரணம் அது. உதிரிபாகம் வேண்டும் என்று எழுதினால்தான் முகம் சுளிப்பார்கள்.

சில வீடுகளில் ரிமோட்டில் பனிப்பூதான் இருக்கும். ஆனாலும் அனல் வரும். வீட்டிலிருந்து வெப்பத்தை வெளியே தள்ளுவதா, வெளியிலிருந்து உள்ளே இழுப்பதா என்று திசை மாற்றுவது, மொட்டை மாடி யூனிட்டுக்குள் இருக்கும் ஒரு வால்வு. அதற்குக் கரன்ட் போனால் சூடு, போகாவிட்டால் குளிர். கன்ட்ரோல் போர்டில் ரிலே என்கிற சின்ன சுவிட்ச் ஒட்டிக்கொண்டுவிட்டால் எந்தப் பட்டனை அமுக்கினாலும் வால்வுக்குக் கரன்ட் போய்க்கொண்டே இருக்கும். முறைப்படி போர்டை மாற்ற வேண்டும். நான் கேட்டபோது ஃபோர்மேன் கையை விரித்தார். “போர்டு மாஃபி, இல்ல பாய். வயரைக் கழட்டி விடு. கம்ப்ளெயின்ட் கிளோஸ். கலாஸ்.”

கழற்றினேன். வால்வு வயரை வெட்டி, முனையில் கறுப்பு டேப் சுற்றிவிட்டால் ஏசி என்றைக்கும் குளிர்தான். சூடு எவனுக்கு வேண்டும்? அந்தக் கோடையில், தூசிக்குத் துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டு, ஏழெட்டு வீடுகளில் அப்படிச் செய்தேன். சீட்டில் மட்டும் பழக்க தோஷத்தில் ‘ரிமோட் ராங் செட்டிங்’ என்றே எழுதினேன். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடமும் வாய் அதையே சொன்னது.

டிசம்பர் கடைசியில் மழை பெய்தது. அதற்குப் பிறகு அடித்த காற்றில் நான் இரண்டு சட்டையும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு ரூமில் நடுங்கினேன். வயர்கள் அப்போதும் நினைவுக்கு வரவில்லை. என் குளிர்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஜனவரியில், அங்கே வார விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கையில் கொடுத்த சீட்டில் ‘ஹீட்டிங் இல்லை, மூன்றாவது முறை’ என்று இருந்தது. கதவைத் திறந்தவர் சென்னைக்காரர், ஏதோ ஆபீசில் வேலை. நான் தமிழ் என்றதும் அவருக்குப் பாதி கோபம் இறங்கியது.

“ஏற்கெனவே ரெண்டு தடவ உங்க ஆளு ஒருத்தன் வந்தான். ஃபில்டரைக் கழுவினான், இந்த மாடல்ல ஹீட்டிங் மாஃபின்னு சொல்லிட்டுப் போயிட்டான். ஹீட்ல வெச்சாலும் ஐஸ் மாதிரி ஊதுது. கம்பி ஹீட்டர் வாங்கினேன், முதல் நாளே பிளக் பாயின்ட் கருகிடுச்சு. உள்ள வந்து பாருங்க.”

சமையலறையில் அவர் மனைவி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மடியில் துண்டுகளுக்குள் குழந்தை. ஒரு மாதம் முன்னதாகப் பிறந்துவிட்டதாம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினொரு நாள்தான் ஆகிறது. வீட்டில் குளிர் இல்லாத இடம் அந்தச் சமையலறை மட்டும்தான்.

“நாளைக்கு சாயங்காலம் செக்கப்,” என்றார் அந்த அம்மா. “போன தடவ உடம்பு சில்லுன்னு இருக்குன்னு டாக்டர் திட்டினாங்க. இந்தத் தடவையும் அப்படி இருந்தா திரும்ப அட்மிட் பண்ணி இன்குபேட்டர்ல வெச்சிடுவாங்களாம். எப்படியாவது சரி பண்ணிடுங்கண்ணா.”

நான் ரிமோட்டைக் கேட்டேன். கணவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். பேனா வைக்கிற மாதிரி அதை அங்கே வைத்திருந்தார்.

“ஆகஸ்ட்ல இவ கண்டபடி அமுக்கிக் கெடுத்துட்டா. அன்னிக்கு வந்த மெக்கானிக்கே சொன்னான். அதுலேர்ந்து ரிமோட் என்கிட்டதான். ஆபீஸ் போறப்பவும் செட் பண்ணிட்டு கையோட எடுத்துட்டுப் போயிடுவேன்.”

எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. அந்தக் கட்டடங்களில் எல்லா வீடும் ஒரே அச்சு. சூரியனை வைத்துப் பார்த்தேன், அவர் ரிமோட்டைத் திரும்ப வாங்கிப் பையில் செருகிக்கொண்டார். முகத்தில் குளிர்ந்த காற்று அடித்தது. ஃபில்டர் சுத்தம். மொட்டை மாடிக்குப் போய் பிரஷர் கேஜ் மாட்டினேன், கேஸ் இருந்தது. கம்ப்ரெசர் ஓடியது. மிஞ்சியது வால்வுதான். மூடியைக் கழற்றினேன்.

உள்ளே கறுப்பு டேப். நுனி மட்டும் உள்பக்கம் மடிந்து, சின்ன நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்து வருகிறவன் நகத்தால் சுரண்ட வேண்டாமே என்று டேப் நுனியை அப்படி மடித்து விடுவது என் வழக்கம். கம்பெனியில் வேறு யாரும் அதைச் செய்வதில்லை. கொஞ்ச நேரம் அந்தக் காற்றில் அப்படியே குந்தியிருந்தேன். அவமானமாக இருந்தது.

டேப்பைப் பிரித்து வயரை இணைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வால்வு ‘டக்’கென்று திரும்பும் சத்தம் கேட்டது. கீழே வந்தபோது படுக்கையறை ஏசி கதகதவென்று ஊதிக்கொண்டிருந்தது. அந்த அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

“என்ன ப்ராப்ளம்?” என்றார் கணவர்.

“வயர் லூஸ் சார்.”

அவர் மனைவி பக்கம் திரும்பினார். “பாத்தியா? நீ அமுக்கின அமுக்குல மாடில இருக்கற வயரே லூஸாயிடுச்சு.” அதற்குள் சென்னையிலிருந்து ஃபோன் வந்துவிட்டது. பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

நான் பையைக் கட்டினேன். பிறகு அந்த அம்மாவின் கிட்டே போய், குரலைத் தாழ்த்திச் சொன்னேன். “உங்க மேல தப்பே இல்லம்மா. ஆகஸ்ட்ல வந்தவன் நான்தேன். உள்ள போர்டு கெட்டிருந்துச்சு. மாத்தாம, வயர வெட்டி விட்டுட்டுப் போயிட்டேன். ரிமோட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். குழந்தையின் பாதத்தை உள்ளங்கைக்குள் மூடி வைத்திருந்தார்.

“இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க? நான் ஒண்ணும் பண்ணலன்னு எனக்குத் தெரியாதா? அவர்கிட்ட சொல்லுங்க.”

பால்கனிக் கதவு திறக்கும்வரை நின்றேன். வாசல் பக்கம்தான், செருப்பை மாட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஃபோர்மேன், விசா கொடுத்த கஃபீல், ஊருக்கு டிக்கெட் என்று வரிசையாக மனதில் ஓடியது. கணவர் வந்ததும் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல்.

அவர் கத்தினார். எவ்வளவு அலட்சியம், குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால், உன் கம்பெனியைச் சும்மா விடமாட்டேன் என்று கத்தினார். சொன்னபடி மறுநாள் ஃபோன் செய்தார். எனக்கு வார்னிங் கடிதம் வந்தது, அந்த வீட்டுக்குப் புது போர்டும் வந்தது. மற்ற வீடுகளின் மாடிகளுக்கும் வயரை இணைக்க ஏறி இறங்கினேன். சவுதியில் நான் வாங்கிய திட்டுகளில் பாதி வேறு யாருக்கோ போக வேண்டியவை. அன்றைக்கு வாங்கியது முழுக்க எனக்கே உரியது.

“கத்தாதீங்க, தூங்கறான்,” என்று அந்தக் கத்தலுக்கு நடுவே சொன்னார் அந்த அம்மா.

அவர் நிறுத்தினார். அந்த அம்மா ஒரு கையால் குழந்தையை அணைத்தபடி இன்னொரு கையைக் கணவர் பக்கம் நீட்டினார்.

“நாளைக்கு ஆபீஸ் போயிடுவீங்க. சாயங்காலம்வரைக்கும் இவன் சூடா இருக்கணும். ரிமோட்டைக் கொடுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நீட்டிய கை அப்படியே இருந்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.