வலது வளைவுகள்

என் அப்பா ஜெயச்சந்திரன் யாரையும் எளிதில் நம்பியதில்லை. ஹைதராபாத்தில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பால்காரர் வந்தால் லாக்டோமீட்டரோடு வாசலுக்குப் போவார். ஒரு போல்ட்டை முடுக்கினால் அதன் தலையிலிருந்து சட்டம் வரை மஞ்சள் பெயின்ட்டில் கோடு இழுப்பார். கோடு விலகினால் போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது யாரோ கை வைத்திருக்கிறார்கள். எங்கள் ஹப்சிகுடா வீட்டுக் குக்கர் கைப்பிடியிலும் அந்தக் கோடு உண்டு. இப்போதும் இருக்கிறது. அப்பா பிப்ரவரியில் இறந்துவிட்டார்.

அதற்கு முந்தைய ஆண்டு எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது.

அவருடைய மோட்டார் சைக்கிளில் இடப்பக்கம் மட்டும் கீறல்கள். வீட்டு கேட்டின் இடது தூணில் அதே கறுப்பு பெயின்ட். கேட்டால், "தூண் கோணல். கட்டுனவன் அளவே எடுக்கல" என்றார். சாப்பாட்டுத் தட்டில் இடப்பக்கம் வைத்த பொரியல் அப்படியே இருந்தது. அம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "எம்மேல என்ன கோவமோ, பொரியலத் தொடவே மாட்டேங்காவ."

நான் இயந்திரப் பொறியாளர். ஒரே பக்கம் தேய்ந்தால் அதை விபத்து என்று விடுவதில்லை.

"வண்டிச் சாவியக் குடுங்கப்பா."

"கண் டாக்டர்கிட்ட கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன். இன்னும் என்ன வேணும் ஒனக்கு?"

"போர்டு நேர் எதிர்ல இருக்கு. எனக்கு இடப்பக்கம் தெரியணும்."

இரண்டு நாள் சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பிறகு அவரே வந்தார். ஊருக்கு வெளியே உள்ள பந்தயத் தடத்தில் சாதாரண வண்டிகளையும் ஓட்டவிடும் 'ட்ராக் டே' நடக்கிறதாம்.

"எதிர வண்டி வராது. ஆம்புலன்ஸ் நிக்கும். நான் ஓட்டுதேன், நீ பாரு. தன் வேலையத் தானே பாஸ் பண்ணக் கூடாதுங்கது எங்க ஃபேக்டரி விதி. நீ பாஸ் பண்ணலன்னா சாவி ஒனக்கு."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே எனக்கு உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, தடத்தின் கொட்டகையில் வண்டிகளின் விளக்குகளில் டேப் ஒட்டி, பக்கக் கண்ணாடிகளைக் கழற்றினார்கள். வாடகைத் தோல் உடை அப்பாவின் வயிற்றில் ஏற மறுத்தது. சுவரில் தடத்தின் வரைபடம் மாட்டியிருந்தது. பார்த்தேன். இரண்டைத் தவிர எல்லாம் வலது வளைவுகள். வலது வளைவில் ஓட்டுபவரின் பார்வை வலப்பக்கம்தான் இருக்கும். இடப்பக்கம் தேவையே படாது.

"அப்பா, இதப் பாத்துதான இந்தத் தடத்தத் தேர்ந்தெடுத்தீங்க?"

"கிட்டத்துல இருக்கது இது ஒண்ணுதான், பிள்ள" என்றார். ஜிப்பைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

பயிற்சியாளர் ஃபெலிக்ஸ், மாரெட்பள்ளியில் பிறந்து வளர்ந்த தமிழர். வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', சரி என்பதற்கு 'ஹவ்' என்று ஹைதராபாத் உருது கலந்து விதிகளைச் சொன்னார். "கண்ணாடி நக்கோ. பின்னாடி பாக்கவே வேணாம், வர்றவன் பொறுப்பு. புது ஆளுங்க குரூப்ல, வளைவோட வெளிப்பக்கமா மட்டும்தான் ஓவர்டேக் பண்ணணும். ஹவ்?"

"பின்னால வாறவன எப்படி நம்புதது?" என்றார் அப்பா.

"நம்பாம திரும்பித் திரும்பிப் பாத்தா மண்ணத் திங்கணும், அங்கிள்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. வலது வளைவுக்கு வெளிப்பக்கம் என்றால் இடப்பக்கம். அந்தக் கணக்கை அவரும் என்னோடு சேர்ந்தே போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். ஆனாலும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார்.

நன்றாக ஓட்டினார். வளைவுக்கு முன்பே பிரேக், பிறகு சீரான சாய்வு. ஒரு மஞ்சள் வண்டி அவரை இடப்பக்கமாக, கை நீட்டினால் தொடும் தூரத்தில் தாண்டியது. அடுத்த சுற்றுகளிலும் தாண்டியது. அப்பாவின் வண்டி இம்மியும் விலகவில்லை.

"அங்கிளுக்கு என்னா தில்லு, பாத்தீங்களா?" என்றார் என் பக்கத்தில் நின்ற ஃபெலிக்ஸ். "புதுசா வர்றவங்க எல்லாருமே பயந்து ஒதுங்குவாங்க."

அப்பா பயப்படாதவர் இல்லை. பக்கத்தில் ஆட்டோ வந்தாலே தெருவுக்குக் கேட்கும்படி திட்டுபவர்.

நேரம் முடியும் முன்பே அவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"அந்த மஞ்ச வண்டி என்னையத் தாண்டுச்சா?"

"மூணு தடவ."

"முன்னால போறதத்தான் பாத்தேன். வந்ததப் பாக்கல. திடீர்னு அங்க இருக்கு."

கொஞ்ச நேரம் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சாவியை எடுத்து நீட்டினார்.

"படத்தப் பாத்துதான் தேர்ந்தெடுத்தேன். நீ கேட்டது சரிதான். ரிஜெக்ட்."

"அங்கிள், அடுத்த ரவுண்டு?" என்று ஃபெலிக்ஸ் கூப்பிட்டார்.

"நக்கோ, தம்பி."

அந்த வாரம் ஸ்கேன் எடுத்தோம். இரண்டு கண்களிலும் கோளாறு இல்லை. மூளையின் வலப் பின்பகுதியில், இரு கண்களுக்கும் இடப்பக்கத்தைக் காட்டும் இடத்தில், கட்டி இருந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அது எங்களுக்குத் தெரியாது. கழற்றிய கண்ணாடிகளை மாட்டி, வண்டியை நான் ஓட்டினேன். யாருக்கும் பின்னால் உட்காராத மனிதர் எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஆராம்கர் தாண்டும்வரை ஓயாமல் எச்சரித்தார். "லாரி வருது. பஸ்ஸு, பஸ்ஸு. மெல்லப் போ." எல்லாம் வலப்பக்கம்.

எல்.பி. நகர் அருகே இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு ஆட்டோ பாய்ந்தது. பிரேக் அடித்தேன். அவருடைய ஹெல்மெட் என்னுடையதில் மோதியது.

"எதுக்குப் பிள்ள பிரேக் போடுத?"

"ஆட்டோப்பா."

"எந்தப் பக்கம்?"

சொன்னேன். பிறகு, "அந்தப் பக்கம் இருக்கத எல்லாம் சொல்லிக்கிட்டே ஓட்டு" என்றார்.

சொன்னேன். பூக்கடை. நிறுத்திய வேன். பள்ளம். ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினார். உப்பல் வந்தது.

"நாய்" என்றேன்.

"என்ன நெறம்?"

"செவல."

திரும்பிச் சரிபார்த்தாரா, என் சொல்லை அப்படியே நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"சரி, போ" என்றார்.