குருசாமி அண்ணாச்சிக்குக் கால் எட்டிய கதை

பைக்கின் சீட் உயரத்தைக் குறைக்கும் தொழிலில், ஆள் குட்டை என்று ஒத்துக்கொண்டு யாரும் கடைக்குள் வருவதில்லை; வண்டிதான் உயரம். ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு நுனிக்காலில் தாளம் போட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே நாமெல்லாம் ஒரே கட்சி, தைரியமாகப் படிக்கலாம். நான் ராஜபாளையத்தில் பாய் பட்டறையில் இருக்கிறேன். வயது பதினேழு. ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே, வருகிறவர் போகிறவர் குரலையெல்லாம் பிடித்துவிட்டேன்.

ஒட்டகச்சிவிங்கி அளவு

குருசாமி அண்ணாச்சி, தேவதானத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர். எஸ்டேட்டில் ஓடிய பழைய மலை பைக் ஒன்றை வாங்கியிருந்தார். கல்லும் பள்ளமுமான பாதைக்கென்றே உயரமாகச் செய்த வண்டி. ஓடுகிற வரை அவர் ராஜா. நிறுத்தினால் கால் அந்தரத்தில் தொங்கும்.

அன்று முழங்கையெல்லாம் சிராய்ப்போடு வந்தார். விடியும் நேரத்தில் பாதை வளைவில் யானை நின்றிருக்கிறது. வண்டியைத் திருப்பக் காலை ஊன்றினார். கால் போன இடத்தில் தரை இல்லை. வண்டியோடு விழுந்து, வண்டியைப் போட்டுவிட்டு ஓடி, யானை போன பிறகு திரும்பிப் போய் எடுத்து வந்திருக்கிறார். காய் முற்றுகிற பருவம். தினமும் அந்தப் பாதையில் போயே ஆகவேண்டும். போகாவிட்டால் தோப்பு போகும். போய், மறுபடியும் கால் எட்டாவிட்டால் ஆளே போவார்.

பாய் அவரை வண்டியில் உட்காரவைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க கொஞ்சம்..." என்று இழுத்தார். அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் சரியாத்தான் இருக்கேன் பாய். இதச் செஞ்சவன் ஒட்டகச்சிவிங்கிக்கு அளவெடுத்துச் செஞ்சிருக்கான்!"

ஒரு தோசை கனம்

சுலபமான வழி, சீட் உறையைக் கழற்றி உள்ளேயிருக்கும் பஞ்சை அறுப்பது. பாய் ஆக்சா பிளேடால் இரண்டு விரல் கனம் எடுத்துவிட்டு நிறுத்தினார். "இன்னும் எடுங்க," என்றார் அண்ணாச்சி. எடுத்தார். "யானைய நீங்க பாக்கல பாய். இன்னும் எடுங்க." கடைசியில் மிஞ்சியது ஒரு தோசை கனம்.

சேத்தூர் வரை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பினார். உட்கார்ந்து போன மனிதர், திரும்பி வரும்போது வண்டிமேல் நின்றுகொண்டே வந்தார். நான் சும்மா இருப்பேனா? பாய் குரலில், "உக்காருங்க அண்ணாச்சி, டீ சொல்லுதேன்," என்றேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பாயைப் பார்த்தார்.

"கால் எட்டுது பாய். உக்காரத்தான் முடியல."

ஏட்டையா குரல்

பஞ்சைத் திரும்ப ஒட்டிவிட்டு நிஜமான வேலைக்கு வந்தோம். முன்பக்கம் தாழும்படி ஃபோர்க் குழாய்களைக் கிளாம்புக்கு மேலே ஏற்றி இறுக்கினோம். பின்னால் நீளம் குறைந்த ஷாக் அப்சர்பர். வண்டி அழகாகப் பதிந்தது. ஆனால் சைடு ஸ்டாண்டையும் வெட்டிக் குறைக்கணும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இடப்பக்கம் சாய்ந்து நிற்கவேண்டிய வண்டி, பரேடில் நிற்பதுபோல விறைத்து நின்றது. ஒரு பஸ் கடந்துபோன காற்றுக்கே வலப்பக்கம் சரிந்தது. வரிசையாக நின்ற மூன்று வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. கடைசி வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸ் ஏட்டையாவுடையது. அவர் எதிரே எஸ்.டி.டி. பூத்தில் போன் பேசிக்கொண்டிருந்தார்.

எனக்கு நாக்கு அரித்தது. பாய்க்குப் பின்னால் போய், ஏட்டையாவின் கட்டைக் குரலில், "எவம்லே என் வண்டியத் தள்ளுனது?" என்றேன். பாய் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. அடுத்த நொடி அதே குரல், அதே கேள்வி, எனக்குப் பின்னாலிருந்து. சத்தியமாக இந்தத் தடவை நான் பேசவில்லை. திரும்பினால் ஏட்டையா. நெளிந்த பெட்ரோல் டேங்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சாயங்காலத்துக்குள்ள டேங்கு நிமிரணும். இல்லன்னா இந்தக் குரல ஸ்டேஷன்ல வச்சுக் கேப்பேன்."

வளைவு

டேங்க் நிமிர்ந்தது. ஸ்டாண்டையும் வெட்டினோம். மறுநாள் விடியும்போது அண்ணாச்சி தோப்புக்குக் கிளம்ப, எங்கே இடிக்கிறது என்று பார்த்து வரச்சொல்லி என்னைப் பின்னால் ஏற்றிவிட்டார் பாய். ஒற்றைத்தடம். ஒருபக்கம் முள்வேலி, மறுபக்கம் ஓடை. அண்ணாச்சி சொன்ன வளைவு வந்தது. யானையும் இருந்தது, மாங்கிளை ஒன்றை நிதானமாக மென்றுகொண்டு.

அண்ணாச்சி இன்ஜினை அணைத்துக் காலை ஊன்றினார். பாதம் முழுசாகத் தரையில்! மெல்ல வண்டியைத் திருப்பினார். பின்சக்கரம் மட்கார்டில் உரசி, "கிர்ர்ர்" என்றது. தாழ்த்திய வண்டியை என் கனம் இன்னும் அமுக்கியிருந்தது. யானையின் காது அசைவது நின்றது. கிளை கீழே விழுந்தது. என் தொண்டையில் அப்போது ஒரு குரலும் இல்லை, சொந்தக் குரல் உட்பட.

"எறங்குலே," என்றார் உதடு அசையாமல். இறங்கினேன். உரசல் நின்றது. இடது காலைக் கல்லில் ஊன்றி வண்டியை அப்படியே சுழற்றினார். யானை எங்கள் பக்கமாக எட்டு வைத்தது. நான் தாவி ஏற, இறக்கத்தில் இன்ஜின் இல்லாமலே உருண்டோம். மட்கார்டு கிறீச்சிட, சைலன்சர் ஒரு கல் விடாமல் இடித்தது. தார் ரோடு வந்த பிறகுதான் நிறுத்தினார், இரண்டு காலும் தரையில். நசுங்கித் தொங்கிய சைலன்சரைப் பார்த்தார். பிறகு என்னை, தலையிலிருந்து கால் வரை.

"பாய்ட்டப் போய்ச் சொல்லு. வண்டியக் கொறச்சது போதும். இனி பின்னால ஏறுத ஒன்னையத்தான் கொஞ்சம் கொறைக்கணும்."

மேலே ஓர் அங்குலம் எடுத்தால் கீழே எங்காவது போய் இடிக்கும் என்பதுதான், கால் எட்டாத என் சொந்தங்களே, எங்கள் தொழில் மொத்தமும்.