நெறி என்று நினைத்த கட்டி

சர்க்கரை நோயால் என் கணவரின் இடது பாதத்தில் வந்த புண் ஆறவே இல்லை. ரத்தக்குழாய் அடைத்திருப்பதாகச் சொல்லி, வலது தொடையிடுக்கு வழியாகக் கம்பி விட்டு, இடது காலின் அடைப்பை பலூன் வைத்து நீக்கினார்கள். மணலூர்பேட்டைக்குத் திரும்பிய சில நாட்களில் வலது தொடையிடுக்கில் ஒரு கட்டி எழும்பியது.

“கால்ல புண்ணு இருந்தா நெறி கட்டத்தான் செய்யும். இதுக்கு இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி?” என்றார் கணவர்.

கரும்புச் சோகை காலைக் கிழிக்கும் எங்கள் ஊரில் நெறி கட்டாதவர் கிடையாது. நானும் தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். என் கைக்கடியில் கட்டி துடித்தது. நெறி என்றால் விண்விண்ணென்று தெறிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

காய்ச்சல் கண்டு, கட்டி உடைந்து, வேட்டியெல்லாம் ரத்தமான பிறகுதான் ஓடினோம்.

“புண்ணு இடது கால்ல. நெறி எப்படிம்மா வலது பக்கம் கட்டும்?” என்று கேட்டார் அறுவை சிகிச்சை டாக்டர்.

கம்பி நுழைந்த இடத்தில் ரத்தக்குழாய் மூடாமல் கசிந்து, சீழும் பிடித்திருந்தது. உயிரைக் காக்க அந்தக் குழாயையே கட்டிவிட்டார்கள். ரத்த ஓட்டம் நின்றுபோய், பிறகு வலது காலை எடுக்க வேண்டியதாயிற்று.

இப்போதெல்லாம் காலில் அடைப்பு எடுத்து வந்தவர்களைப் பார்க்கப் போனால், “கம்பி எந்தப் பக்கம் விட்டாங்க?” என்றுதான் முதலில் கேட்கிறேன். அங்கே வீக்கமோ துடிப்போ இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறேன்.

என் கணவரின் இடது பாதத்துப் புண் நன்றாக ஆறிவிட்டது.