நாற்காலிக்குப் பொன்னாடை

காலி நாற்காலியை மேலதிகாரி என்று நம்பி இரண்டு குமாஸ்தாக்கள் நடுங்கும் நாடகம் அது. அவர்களில் ஒருவன் நான். செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்ச் சங்க மேடையில் போட்டோம். சிறப்பு விருந்தினர் எந்நேரம் வந்தாலும் ஆட்டத்தை நிறுத்திப் பொன்னாடை போர்த்துவது அங்கே வழக்கம். இந்த முறை யாருக்காகவும் நிறுத்துவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

பாதி நாடகத்தில் செயலாளர் பொன்னாடையோடு மேடையேறினார். “ரெண்டே நிமிஷம் சார், சீஃப் கெஸ்ட் வந்துட்டாரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நக்கோ, முடியாது” என்றேன். பொன்னாடையை வெடுக்கென்று பிடுங்கி நாற்காலிக்குப் போர்த்திவிட்டு, என் வசனத்தைத் தொடர்ந்தேன். அரங்கமே கைதட்டியது. செயலாளர் பழக்கதோஷத்தில் நாற்காலியைக் கும்பிட்டார்.

கைதட்டல் தனக்கென்று நினைத்து, முதல் வரிசையில் விருந்தினர் எழுந்து கூட்டத்தைக் கும்பிட்டார்.

அப்போதும் நான் நிறுத்தவில்லை.